அனுப்பப்படாத கடிதம்

தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் படித்ததெல்லாம் மறந்துபோனதாகத் தோன்றும் அந்த ஒரு நிமிடத்தை நம்மில் அறியாதவர் யார்? பேச்சுப் போட்டி மேடையில் ஏறியவுடன் நா வறண்டு விடுகிறது. விளையாட்டுத் திடலில் எதிரணி இரண்டு புள்ளி முன்னேறிவிட்டால் கை கால் சொன்னபடி கேட்பதில்லை. நண்பன் சொன்ன ஒரு சொல் நெஞ்சில் தைத்துவிட்டால், அன்று மாலை முழுவதும் புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அறிவுக் குறைவினால் இவை நேர்வதில்லை. அச்சமும் சினமும் துயரமும் சேர்ந்து, இருக்கின்ற அறிவை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடுகின்றன. அவ்வளவுதான்.

பெரியவர்கள் என்று பெயர் பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இருந்திராது, அவர்கள் பிறவியிலேயே கல்நெஞ்சம் வாய்த்தவர்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க நாட்டின் 16ஆவது குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன், மரக்கட்டைகளால் கட்டிய குடிசையில் பிறந்து வெள்ளை மாளிகைக்குச் சென்ற கதையைப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அவர் வாழ்நாள் முழுவதும் கடுமையான மனச்சோர்வோடு போராடிய மனிதர் என்பதை மட்டும் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த மனத்தை வைத்துக்கொண்டு, ஒரு நாடே இரண்டாகப் பிளந்த நேரத்தில், நான்கு ஆண்டுகள் அவர் எப்படித் தம் கடமையைச் செய்தார்? அதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இழப்பிலே வளர்ந்த இளமை

லிங்கன் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்தில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1816இல் குடும்பம் இந்தியானா காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1818இல் அவருடைய அன்னை நான்சி பால் நோய் கண்டு இறந்தார். நச்சுச் செடியைத் தின்ற பசுவின் பாலைக் குடிப்பதால் வருவது அந்நோய். அன்று சிறுவனுக்கு வயது ஒன்பது. தந்தையே மரத்தை அறுத்துச் சவப்பெட்டி செய்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1828இல், ஒரே தமக்கை சாராவும் பிள்ளைப் பேற்றின்போது இறந்தார்.

பள்ளிக்கூடம் சென்ற நாட்களையெல்லாம் கூட்டினால் ஓராண்டு கூடத் தேறாது. மாற்றாந்தாயாக வந்த சாரா புஷ் அன்புள்ளம் கொண்டவர். அவர் கொண்டுவந்த சில நூல்களும் அவர் தந்த ஊக்கமுமே பையனுக்குக் கல்லூரியாயின. 1831இல் லிங்கன் இல்லினாய் மாநிலத்தின் நியூ சேலம் என்னும் சிற்றூருக்கு வந்தார். கடை வைத்தார், கடை நொடித்துக் கடன் மிஞ்சியது. 1832இல் சட்டமன்றத் தேர்தலில் நின்றார், தோற்றார். 1834இல் மீண்டும் நின்று வென்றார். தாமாகவே சட்ட நூல்களைப் படித்து வழக்கறிஞரானார்.

1835இல் ஆன் ரட்லெட்ஜ் என்னும் இளம்பெண் காய்ச்சலில் இறந்தபோது லிங்கன் நிலைகுலைந்து போனார் என்றும், அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்வாரோ என்று அஞ்சி ஊரார் கண்காணித்தனர் என்றும் அவ்வூர்க்காரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். மழை பெய்யும் நாட்களில் அவருடைய துயரம் இரு மடங்காகியதாம்.

இருண்ட சனவரி

1837இல் லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக்குக் குடிவந்தார். கட்டில் மெத்தை வாங்கக் காசில்லாத அவருக்குத் தன் கடையின் மாடியறையில் இடம் கொடுத்தவர் ஜோஷுவா ஸ்பீடு என்னும் இளைஞர். அன்று முதல் இருவரும் உயிர் நண்பர்கள்.

1841ஆம் ஆண்டு சனவரியில் மேரி டாட் என்னும் பெண்ணோடு ஆகியிருந்த திருமண ஒப்பந்தம் முறிந்தது. லிங்கன் படுத்த படுக்கையானார். சட்டமன்றக் கூட்டத்துக்கும் சில நாட்கள் செல்ல முடியவில்லை. அறையிலிருந்த சவரக் கத்தியையும் மற்றக் கூரிய பொருள்களையும் ஸ்பீடு எடுத்து ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று. உலகத்தில் தம்மைவிடத் துன்பப்படும் மனிதர் எவருமில்லை என்ற கருத்தில் லிங்கன் அக்காலத்தில் தம் சட்டத் தொழில் கூட்டாளிக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு அப்போது வயது 31.

எப்படி மீண்டார்? முதலாவதாக, தம் நிலையை மறைக்கவில்லை. மருத்துவரை நாடினார்; நண்பரிடம் மனம் திறந்தார். அவ்வாண்டு கோடையில் கெண்டக்கியிலிருந்த ஸ்பீடின் குடும்பப் பண்ணைக்குச் சென்று சில வாரங்கள் தங்கினார்.

அடுத்து நடந்ததுதான் கருதத்தக்கது. 1842இன் தொடக்கத்தில் ஸ்பீடுக்குத் திருமணம் நெருங்கியது. இப்போது நண்பருக்கு நடுக்கம் கண்டது. தாம் அந்தப் பெண்ணை உண்மையிலேயே நேசிக்கிறோமா என்ற ஐயம் அவரைப் பிடித்து ஆட்டியது. லிங்கன் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதித் தேற்றினார். உனக்கு வரும் இந்த எண்ணங்கள் உண்மையைக் காட்டுபவை அல்ல. பயணத்தில் பட்ட மோசமான வானிலை, வேலையும் நண்பர் கூட்டமும் இல்லாத தனிமை, பிறவியிலேயே அமைந்த மெல்லிய நரம்பு, நெருங்கிவரும் அந்தப் பெரிய நாள் ஆகியவை சேர்ந்து கிளப்பிவிட்டவை என்பது அக்கடிதங்களின் சாரம். எண்ணம் வேறு, உண்மை வேறு என்று நண்பருக்குப் பிரித்துக் காட்டியவர், தமக்கும் அதையே கற்பித்துக்கொண்டார் எனலாம். ஸ்பீடின் இல்லறம் இனிதே அமைந்தது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் லிங்கனும் மேரி டாடை மணந்தார்.

வாள் கற்பித்த பாடம்

துயரம் மட்டுமே அவருக்குப் பகையன்று. இளமையில் அவருடைய பேனா பொல்லாதது. பிறரைப் போல நடித்துக் காட்டியும் கேலிக் கடிதம் எழுதியும் எதிரிகளைப் புண்படுத்துவதில் வல்லவர். அதே 1842ஆம் ஆண்டு, ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்னும் மாநிலக் கணக்கு அதிகாரியை எள்ளி நகையாடி, புனைபெயரில் ஒரு செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். எழுதியவர் யார் என்று அறிந்துகொண்ட ஷீல்ட்ஸ், நேருக்கு நேர் போருக்கு வா என்று அறைகூவினார். செப்டம்பர் 22ஆம் நாள் மிசிசிப்பி ஆற்றின் நடுவிலுள்ள திட்டு ஒன்றில் இருவரும் குதிரைப்படை வாள்களோடு எதிரெதிரே நிற்க வேண்டியதாயிற்று. நல்ல வேளையாக நண்பர்கள் குறுக்கிட்டுச் சமாதானம் செய்துவைத்தனர்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலே லிங்கன் பிற்காலத்தில் வெட்கப்பட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது நம் பழமொழி. அந்தப் பழமொழியின் பொருளை வாள்முனையில் கற்றுக்கொண்டவர் அவர்.

கற்ற பாடத்துக்குச் சோதனை 1855இல் வந்தது. அறுவடை இயந்திர உரிமை பற்றிய பெரிய வழக்கு ஒன்றில் லிங்கனும் வழக்கறிஞராக அமர்த்தப்பட்டார். வழக்கு சின்சினாட்டி நகரத்துக்கு மாற்றப்பட்டது. வாரக்கணக்கில் உழைத்துத் தயாரித்த குறிப்புகளோடு லிங்கன் அங்கே சென்றார். அவருடன் சேர்ந்து வாதாட வேண்டிய கிழக்குப் பகுதியின் புகழ்பெற்ற வழக்கறிஞர்கள் அவரைப் பட்டிக்காட்டான் என்று ஒதுக்கினர். வாதாட விடவில்லை, உடன் உண்ண அழைக்கவில்லை, அவர் தந்த குறிப்புகளைப் புரட்டியும் பார்க்கவில்லை. அவர்களுள் மிகக் கடுமையாக நடந்துகொண்டவர் எட்வின் ஸ்டான்டன்.

நாமாக இருந்தால் அன்றிரவே ஊருக்கு வண்டி ஏறியிருப்போம். லிங்கன் அந்த வாரம் முழுவதும் நீதிமன்றத்திலேயே அமர்ந்திருந்தார். அந்த வழக்கறிஞர்கள் வாதத்தைக் கட்டும் திறத்தை வியந்து கேட்டார். தாமும் இன்னும் ஆழ்ந்து சட்டம் பயில வேண்டும் என்ற உறுதியோடு திரும்பினார். பட்ட அவமானத்தை அவர் மறந்துவிட்டார் என்பதில்லை. அந்த நகரத்துக்கு மறுபடி வர விருப்பமில்லை என்று சொல்லும் அளவுக்கு அது வலித்தது. ஆனாலும் ஏழாண்டுகள் கழித்து, 1862 சனவரியில், போர்த்துறையை நடத்தத் திறமையான ஒருவர் தேவைப்பட்டபோது, குடியரசுத் தலைவர் லிங்கன் தேர்ந்தெடுத்தவர் அதே ஸ்டான்டன்தான். அந்தத் தேர்வு தவறாகவில்லை என்பதைப் போர் முடியும்வரை ஸ்டான்டன் உழைத்த உழைப்பே காட்டியது.

போரின் நடுவே

1860 நவம்பரில் லிங்கன் தேர்தலில் வென்றார். அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக்கூடாது என்பது அவருடைய கட்சியின் கொள்கை. அவர் 1861 மார்ச் 4ஆம் நாள் பதவியேற்பதற்கு முன்னரே ஏழு தென் மாநிலங்கள் நாட்டைவிட்டுப் பிரிவதாக அறிவித்துவிட்டன. ஏப்ரல் 12ஆம் நாள் சம்ட்டர் கோட்டையின் மீது பீரங்கி முழங்கியது. நான்கு ஆண்டுகள் நடந்த அந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு.

வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் போர்த்துறைக் கட்டடத்தில் இருந்தது தந்தி அலுவலகம். லிங்கன் நாள்தோறும் அங்கே நடந்து சென்று, போர்முனைச் செய்திகளைத் தாமே எடுத்துப் படிப்பார். பெரிய சண்டை நடக்கும் நாட்களில் இரவும் அங்கேயே கழியும்.

வெளியே இந்தப் போர் என்றால், வீட்டிலும் இடி விழுந்தது. 1862 பிப்ரவரி 20ஆம் நாள் அவருடைய 11 வயது மகன் வில்லி காய்ச்சலில் இறந்தான். ஏற்கெனவே 1850இல் எட்டி என்ற மகனைப் பறிகொடுத்தவர் அவர். கடைசிப் பிள்ளை டாட் அதே நேரத்தில் நோய்ப்படுக்கையில் கிடந்தான். துணைவியார் துயரத்திலிருந்து மீள முடியாமல் பல மாதங்கள் முடங்கிவிட்டார். லிங்கன் தம் செயலரின் முன்னிலையிலேயே வாய்விட்டு அழுதார். அழுகையை அவர் கோழைத்தனம் என்று கருதவில்லை. அழுத பின் மேசைக்குத் திரும்பினார், கோப்புகள் காத்திருந்தன.

சிரிப்பு அவருக்கு மருந்தாக இருந்தது. 1862 செப்டம்பர் 22ஆம் நாள் அமைச்சரவைக் கூட்டம் கூடியது. ஆன்டீட்டம் போர்க்களத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் மடிந்து ஐந்து நாட்களே ஆகியிருந்தன. லிங்கன் ஒரு நகைச்சுவை நூலைக் கையில் எடுத்து, அதிலிருந்து ஒரு பகுதியை உரக்கப் படித்துத் தாமே சிரித்தார். சில அமைச்சர்கள் முகம் சுளித்தனர். படித்து முடித்து நூலை வைத்துவிட்டு, அடுத்து அவர் எடுத்த தாள் அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தின் வரைவு! இரவு பகலாக அழுத்தும் சுமையின் கீழ் சிரிக்கவும் முடியாவிட்டால் செத்துவிடுவோம் என்பதே அவருடைய விளக்கமாக இருந்தது.

அந்த வரைவை அவர் சூலை மாதமே அமைச்சர்களிடம் காட்டியிருந்தார். தோல்விகளுக்கு நடுவே வெளியிட்டால் கையாலாகாதவனின் கூக்குரலாகத் தோன்றும், ஒரு வெற்றி வரட்டும் என்று அமைச்சர் சீவர்டு சொன்னதை ஏற்று இரண்டு மாதங்கள் பொறுத்திருந்தார். துடிப்பைத் தள்ளிப்போடத் தெரிந்தவர்க்கே உரிய வேளை வாய்க்கிறது.

1863 சனவரி 1ஆம் நாள் இறுதிப் பிரகடனம் கையெழுத்துக்கு வந்தது. அன்று புத்தாண்டு. காலையிலிருந்து மூன்று மணி நேரம் வந்தவர்க்கெல்லாம் கை குலுக்கியதில் லிங்கனின் வலக்கை வீங்கி நடுங்கியது. பேனாவை எடுத்தார், கீழே வைத்தார். கையெழுத்துக் கோணினால், இந்த மனிதன் தயங்கினான் என்று பிற்காலத்தார் சொல்வார்களே என்று எண்ணினார். சற்றுப் பொறுத்தார். கை அடங்கியதும் தம் முழுப் பெயரையும் மெதுவாக, தெளிவாக எழுதினார். கிளர்ச்சி செய்த மாநிலங்களில் அடிமைப்பட்டிருந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் விடுதலையைச் சட்டப்படி அறிவித்த கையெழுத்து அது.

உறைக்குள் போன சினம்

அவ்வாண்டு சூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கில் பெரும்போர் நடந்தது. தென்னவர் படைத்தலைவர் லீ தோற்றுப் பின்வாங்கினார். முன்னே பொட்டோமக் ஆறு கரைபுரண்டு ஓடியது. பின்னே வென்ற படை. இப்போது பாய்ந்தால் போரே முடிந்துவிடும் என்று லிங்கன் தவித்தார். தளபதி மீடு தயங்கினார். சூலை 13ஆம் நாள் இரவு வெள்ளம் வடிந்த ஆற்றைக் கடந்து லீ தப்பிவிட்டார்.

லிங்கனுக்கு வந்த சினமும் ஏமாற்றமும் கொஞ்சமல்ல. தலைவர் அதிருப்தி கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்ட மீடு, பதவியிலிருந்து விலகவும் முன்வந்தார். சூலை 14ஆம் நாள் லிங்கன் மீடுக்கு நீண்ட கடிதம் எழுதினார். வெற்றிக்கு நன்றி சொல்லித் தொடங்கிய அக்கடிதம், கைக்கெட்டிய வாய்ப்பு நழுவியதையும் போர் இனி முடிவின்றி நீளும் என்பதையும் ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தது. எழுதி முடித்தார், மடித்து உறையில் இட்டார். அனுப்பவில்லை. கையெழுத்தும் இடவில்லை. அனுப்பப்படவில்லை என்று உறையின் மேலே தம் கைப்படவே குறித்து வைத்துவிட்டார். அவர் மறைவுக்குப் பின் அக்கடிதம் அவருடைய தாள்களுக்கு இடையே இருந்தது.

ஏன் அனுப்பவில்லை? மீடு படைத்தலைமை ஏற்று மூன்றே நாட்களில் அந்தப் போரைச் சந்தித்தவர். ஆயிரக்கணக்கான பிணங்களுக்கு நடுவே நின்றவர். வாஷிங்டனில் மேசையருகே இருந்தவருக்குத் தெளிவாகத் தெரிந்தது, களத்தில் நின்றவருக்கு அப்படித் தெரிந்திருக்குமா? கடிதத்தை அனுப்பியிருந்தால் லீ திரும்பி வரப்போவதில்லை. ஒரு நல்ல தளபதியை நாடு இழந்திருக்கும். மீடு போர் முடியும்வரை அப்படையின் தலைவராகவே இருந்தார்.

லிங்கன் எப்போதும் இப்படி வென்றார் என்று சொல்ல முடியாது. 1862இல் தளபதி மெக்கிளெல்லன் குதிரைகள் களைத்துவிட்டன என்று காரணம் சொன்னபோது, குதிரைகள் களைத்துப்போகும்படி என்ன செய்துவிட்டன என்று குத்தலாகக் கேட்டுத் தந்தி அடித்துவிட்டார். அது உறைக்குள் தங்கவில்லை. அவரும் மனிதர்தாமே!

அச்சத்துக்கும் ஒரு முத்திரை

1864ஆம் ஆண்டு கோடை மிகக் கொடியது. போர்முனையில் பிணக்குவியல், நாட்டில் சலிப்பு. நவம்பரில் தேர்தல். லிங்கன் வெல்ல முடியாது என்று அவருடைய கட்சித் தலைவர்களே வந்து கூறினர். அவரும் நம்பினார். தோல்வி உறுதி என்ற எண்ணம் மனத்தில் புகுந்துவிட்டால் எந்த வேலையும் ஓடாது என்பது நமக்குத் தெரியும்.

ஆகஸ்டு 23ஆம் நாள் அவர் ஒரு சிறிய தாளை எடுத்தார். தாம் தோற்பது பெரும்பாலும் உறுதி. அப்படித் தோற்றால், புதிய தலைவர் பதவியேற்கும் வரையுள்ள நாட்களில் அவரோடு ஒத்துழைத்து நாட்டைக் காப்பது தம் கடமை என்று எழுதினார். தாளை மடித்து ஒட்டி, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லாமலே அமைச்சர்கள் அனைவரிடமும் பின்புறம் கையெழுத்து வாங்கினார். பிறகு அதை மேசைக்குள் வைத்துவிட்டு அன்றைய வேலையைப் பார்த்தார்.

அஞ்சியது நடந்தால் என்ன செய்வது என்பதை எழுத்தில் முடிவு செய்தாகிவிட்டது. இனி அந்த அச்சத்துக்கு நாள்தோறும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செப்டம்பர் 2ஆம் நாள் அட்லாண்டா நகரம் வீழ்ந்தது. காற்றுத் திசை மாறியது. நவம்பர் 8ஆம் நாள் நடந்த தேர்தலில் லிங்கன் 212 வாக்காளர் குழு வாக்குகளும், எதிர்த்து நின்ற மெக்கிளெல்லன் 21ம் பெற்றனர். மூன்று நாள் கழித்து அமைச்சரவையில் அந்தத் தாளைப் பிரித்துப் படித்தார் லிங்கன். தாங்கள் எதில் கையெழுத்திட்டோம் என்று அமைச்சர்கள் அன்றுதான் அறிந்தனர்.

1865 ஏப்ரல் 9ஆம் நாள் லீ சரணடைந்தார். ஐந்தே நாட்களில், 14ஆம் நாள் இரவு, ஃபோர்டு நாடக அரங்கில் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த 13ஆவது சட்டத் திருத்தம் அவ்வாண்டு திசம்பரில் நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை.

நாம் கொள்ள வேண்டியது

மாணவ நண்பர்களே! லிங்கனின் துயரம் அவரைவிட்டு ஒருநாளும் முற்றாக நீங்கவில்லை. அவருடைய நிழற்படங்களைப் பாருங்கள். கண்களில் அது தெரிகிறது. துயரம் தீர்ந்தபின் கடமையைச் செய்வோம் என்று அவர் காத்திருந்தால் எதுவுமே செய்திருக்க முடியாது. அச்சமும் சினமும் வருவதை அவர் தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது. அவை வந்து கையைப் பிடித்து எழுதவைப்பதை மட்டும் தடுத்தார். அதற்காக அவர் கையாண்டவை எளிய வழிகள்: தாளில் எழுதிப் பார்ப்பது, ஓர் இரவு பொறுப்பது, நண்பரிடம் சொல்வது, சிரிப்பது, கை நடுங்கினால் பேனாவைச் சற்றுக் கீழே வைப்பது.

இவற்றில் நம்மால் செய்ய முடியாதது ஒன்றுமில்லை. வினாத்தாள் மங்கலாகத் தெரிந்தால் அதைக் கவிழ்த்து வைத்து ஒரு நிமிடம் மூச்சு விடலாம். தோற்றுவிடுவோம் என்ற எண்ணம் துரத்தினால், தோற்றால் அடுத்து என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டுப் படிக்கத் தொடங்கலாம். சினத்தில் எழுதியதை விடியும்வரை வைத்திருக்கலாம். இருள் மிகுந்துவிட்டால் ஒளிக்காமல் நண்பரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்லலாம். லிங்கன் காலத்தில் மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் தந்த மாத்திரைகளில் பாதரசம் இருந்தது. இன்று நல்ல மருத்துவமே இருக்கிறது. அன்று ஒரு நண்பர் கத்தியை எடுத்து ஒளித்துவைத்திராவிட்டால் உலகம் ஒரு லிங்கனை அறிந்திராது. நம் விடுதி அறைகளிலும் அப்படிப்பட்ட நண்பர் தேவைப்படும் ஒருவர் இருக்கக்கூடும். அந்த நண்பராக நாமே இருக்கலாம்.